கட்டாத வீட்டுக்கும் தெரியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதை இல்லை, கட்டணம்.

மொன்றியலின் வில்லரே பகுதியில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகள் ஒரு குட்டித் தொலைக்காட்சிக்காக ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் கட்டணம் கட்டுகின்றன. என் பங்கைக் கேட்டு, கீழ்வீட்டுப் பேரின்பநாதன் வெளிப்படிக்கட்டில் மூச்சுவாங்க ஏறி வந்து கதவைத் தட்டினார். எனக்கு வேலை போய்விட்டது, அடுத்த வேலை கிடைத்ததும் தருகிறேன் என்றேன். அவர் இரண்டு படி இறங்கினார், நின்றார், மறுபடி ஏறி வந்தார்.

"பிள்ளை கதை எழுதுற ஆள்தானே. காசுக்குப் பதிலா ஒரு கதை தாரும். நடந்ததை எழுத வேணும். என்னைக் கொஞ்சம் உயரமா எழுதினாலும் பிழையில்லை."

ஆகவே, பேரின்பநாதன் உயரமானவர். (எங்கள் வீட்டு நிலைப்படியில் அவர் தலை இடிக்காது. இருந்தாலும் குனிந்துதான் நுழைவார். எழுதுபவளுக்கு அதற்கு மேல் என்ன உதவி வேண்டும்?)

என் பெயர் ஷபானா. ஊர் வேலூர். மென்பொருள் வேலைக்கு வந்து, மொன்றியலில் ஒரு மூவடுக்கு வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறேன். நடுத்தளத்தில் பேரின்பநாதனும் அவர் மனைவி நல்லம்மாவும். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்து போய், பாதி ஆயுளைக் கொவென்ட்ரியில் கழித்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று போன வருடம் இங்கே வந்தவர்கள். டிவி என்று நான் சொல்வதை அவர்கள் ரீவி என்பார்கள். இந்தக் கதையில் இரண்டும் வரும். ஒன்றைத் திருத்தி மற்றதாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

2

தொடக்கங்கள்.

அ) பனி உருகித் தெருவெல்லாம் நசநசவென்று கிடந்த ஒரு மார்ச் மாதக் காலையில், மொன்றியல் நகரத்து முதியவர் ஒருவர்—

இதைப் பேரின்பநாதன் என் தோளுக்கு மேலாகப் படித்தார். முதியவர் எண்டது ஆர் என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

ஆ) பொதுத் தொலைக்காட்சிக்கு யார் காசு தருவது என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை சொல்கின்றன. இங்கிலாந்தில், நேரலைத் தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் லைசென்ஸ் வாங்க வேண்டும். மாளிகையும் ஓர் அறை வீடும் ஏறக்குறைய ஒரே தொகை. அந்தக் காசில் நடப்பதால் அங்கே பொதுத் தொலைக்காட்சியில் விளம்பரம் வருவதில்லை. கனடாவில் அப்படி இல்லை. வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் வாங்கிய காலம் இங்கும் இருந்தது. என் அம்மா பிறப்பதற்கு முன்பே அதை ஒழித்துவிட்டார்கள். இப்போது வரிப்பணத்திலிருந்து நாடாளுமன்றம் ஒதுக்குகிறது. போதாததற்கு விளம்பரம். எனவே இதன் அடிப்படையில் நாம் ஆராய வேண்டியது என்னவென்றால்—

எழுதிக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி வந்தது. ஆனாலும் இந்தப் பத்தியை அழிக்கவில்லை. இது தெரியாவிட்டால் அடுத்து வருவது புரியாது.

இ) ஒருவர் தன் டிவிக்கு நாய் லைசென்ஸ் வாங்கினார்.

இதுதான். இப்படித்தான் தொடங்க வேண்டும்.

3

ஒருவர் தன் டிவிக்கு நாய் லைசென்ஸ் வாங்கினார். ஏன் என்று சொல்கிறேன்.

கொவென்ட்ரியில் பேரின்பநாதன் லைசென்ஸ் கட்டணத்தை ஒரு நாளும் பிந்திக் கட்டியதில்லை. கட்டிய மறுநாளிலிருந்து வருடம் முழுக்கத் தொலைபேசியில் முறைப்பாடு சொல்வார். வானிலை சொல்லும் பெண் வரைபடத்தின் முன்னால் நின்று கொவென்ட்ரியை மறைக்கிறாள். கிரிக்கெட் செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த நாடகத்தில் வரும் தமிழ் டாக்டர் ஏன் இப்படித் தலையாட்டுகிறார்? ஒவ்வொரு முறையும் மறுமுனையில் யாரோ பொறுமையாகக் கேட்டு நன்றி சொன்னார்களாம். "காசு கட்டினவன் கேக்கலாம்" என்பார். பிபிசி தன் சொத்து என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தன் சொத்து, மற்ற எல்லோருடைய சொத்தும்கூட.

மொன்றியல் வந்ததும் அவர் முதலில் விசாரித்தது டிவி லைசென்ஸ் எங்கே வாங்குவது என்றுதான். அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று மகள் கஜந்தினி சொன்னாள். அவர் நம்பவில்லை. இலவசமாகக் கிடைக்கும் செய்தியை எந்த முகத்தோடு குறை சொல்வது? ஆகவே அரசாங்கப் பிரெஞ்சு வகுப்பில் படித்த பிரெஞ்சை எடுத்துக்கொண்டு, நகராட்சிக் கவுன்டர் ஒன்றுக்குத் தனியாகப் போனார். ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர், கேட்பாரா?

வீட்டில் இருப்பதற்கு ஆண்டு லைசென்ஸ் வேண்டும் என்றார். இந்த ஊரில் நாய் வளர்க்க ஆண்டுதோறும் லைசென்ஸ் வேண்டும். என்ன வயது என்று கேட்டார் அந்த அலுவலர். மூன்று. என்ன இனம்? எங்கே செய்தது என்று கேட்பதாக நினைத்து, கொரியா என்றார். பெரியதா? நடுத்தரம், ஆனால் சத்தம் அதிகம். பிறகு 'ஸ்தெரிலிஸே' செய்ததா என்று ஒரு கேள்வி. கருத்தடை செய்ததா என்று அதற்குப் பொருள். பேரின்பநாதன் காதில் அது சாட்டலைட் என்று விழுந்தது. இல்லை, கேபிள்தான் என்றார்.

(வாசகரே, எனக்கும் சந்தேகம்தான். பிரெஞ்சிலும் டிவிக்குத் 'தெலே' என்றுதான் பெயர். அதை எப்படி ஒருவர் சொல்லாமல் விடுவார்? கேட்டேன். வகுப்பில் 'சாதனம்' என்று ஒரு நல்ல சொல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதைப் பயன்படுத்திப் பார்க்க ஆசையாக இருந்தது என்றார். அலுவலரின் கேள்விகளில் பாதியை நான் சேர்த்திருப்பேன். ஆனால் அவர் சாவிக்கொத்தில் நாய்க்கான வில்லை தொங்குகிறது. அதை நான் சேர்க்கவில்லை.)

நல்லம்மா சிரித்துச் சிரித்துச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரின்பநாதன் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே மனது சரியில்லாமல் போயிற்று. மாலைச் செய்தியைப் பார்ப்பார், முறைப்பாடு சொல்ல வாயெடுப்பார், மூடிக்கொள்வார். ஓட்டு இல்லாதவர் தேர்தல் கூட்டத்துக்குப் போய் நிற்பதைப்போல.

4

இனி ஜெகதீஸ்வரி வருகிறார். அவரை மட்டும் எங்கும் மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். படித்துவிட்டு ஒளிபரப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது அவர்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வாரநாட்களில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல். சனிக்கிழமை பிற்பகலில் தன் வீட்டு பேஸ்மென்டில் நீலத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, கேமராவை நிறுத்தி, 'அடுத்த கதவு தொலைக்காட்சி' நடத்துகிறார். இணையத்தில் நேரலையாக வரும். நாங்கள் டிவியில் போட்டுப் பார்ப்போம். நகராட்சி அறிவிப்பு, பள்ளிக்கூடச் சேர்க்கை, தெருவில் எந்தப் பக்கம் காரை நிறுத்தக் கூடாது, யார் வீட்டில் கல்யாணம், யார் காலமானார், எல்லாம் தமிழில். குப்பை எடுக்கும் நாளையும் இறந்தவர் பெயரையும் ஒரே மரியாதையோடு வாசிப்பார். நடுவில் சுடுதண்ணீர்க் கொதிகலன் உறுமும். அது நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தொடர்வார்.

செலவுக்கு ஒரே ஒரு விளம்பரதாரர். ஆனந்தராசா. தளபாடக் கடை, எங்கள் ஊரில் பர்னிச்சர் கடை, வைத்திருப்பவர். வாடகை வீடுகளும் உண்டு. விளம்பரத்தில் தானே சோபாவில் உட்கார்ந்து, "ஒருக்கால் இருந்து பாருங்கோ, பேந்து எழும்ப மாட்டியள்" என்பார். (பேந்து என்றால் பிறகு.)

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி முடியும்போது ஜெகதீஸ்வரி, அடுத்த வாரம் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார். திருத்தவேலை செய்யப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் உங்களை எழும்பச் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?*

அடுத்த வாரம் அந்தச் செய்தி வரவில்லை. கேக்கில் ரோஜாப்பூ செய்வது எப்படி என்று காட்டினார். அதற்கடுத்த வாரம் கேக்கில் மயில்.

பேரின்பநாதனால் தாங்க முடியவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டி, சொன்ன செய்தி எங்கே என்று கேட்டார். ஜெகதீஸ்வரி களைத்துப்போயிருந்தார். ஒளிக்காமல் சொன்னார். ஆனந்தராசா போன் செய்து, அந்தச் செய்தியைப் பேந்து பார்ப்போம், கோடை வரட்டும் என்று தன்மையாகச் சொன்னாராம். அவருடைய கட்டடம் ஒன்றில்தான் அப்படி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். கோடை வந்தால் ஜூலை முதலாம் தேதி வரும். நகரமே வீடு மாறும் நாள். அதற்குப் பிறகு அந்தச் செய்தியால் யாருக்கு என்ன பயன்?

அப்ப உடனே சொல்ல வேண்டியதுதானே என்றார் பேரின்பநாதன்.

"அண்ணை, இது உங்கட காசிலயே ஓடுது? காசு தாறவர் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்."

இந்த இடத்தில் அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது கோபப்பட்டிருக்க வேண்டும். நான் எழுதும் கதையென்றால் அப்படித்தான் எழுதியிருப்பேன். நடந்தது வேறு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வருடமாகக் கட்டணம் கட்ட ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர், கடைசியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

*எழும்புவது என்றால் இவர்கள் பேச்சில் வீட்டைக் காலி செய்வதும்தான். சோபா விளம்பரத்தையும் இந்தச் செய்தியையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக் குளியலறையில் தனியாகச் சிரித்தேன். நானே கற்பனை செய்திருந்தால் இவ்வளவு வசதியான சொல்லை வைத்திருக்கத் துணிய மாட்டேன்.

5

ஊர் சுற்றல். இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு நேரமும் அவசரப்பட்டேன்.

ஜெகதீஸ்வரியின் தொலைக்காட்சிக்கு வீடுவீடாக லைசென்ஸ் கட்டணம் திரட்ட, எனக்கு வேலை இல்லாததால் பேரின்பநாதன் என்னை இன்ஸ்பெக்டராக நியமித்தார். இன்ஸ்பெக்டர் என்ன செய்ய வேண்டும்? படி ஏற வேண்டும். மொன்றியல் வீடுகளின் படிக்கட்டுகள் தெருப்பக்கம் வெளியே தொங்குபவை. வளைந்து வளைந்து ஏறுபவை. மார்ச் மாதத்தில் காலையில் பனிக்கட்டி, மதியம் தண்ணீர். நான் முன்னால், அவர் பின்னால். விழுந்தால் என் மேல் விழலாம் என்று நான் பின்னால் வர முன்வந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னாலதான் போக வேணும் என்று மறுத்துவிட்டார்.

ஒவ்வொரு கதவிலும் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். வீட்டுக்கு ஒரு கட்டணம். பெரிய வீடு சின்ன வீடு பேதமில்லை. ஒருவர் நிறையத் தந்தால் அவர் பேச்சைக் கேட்க வேண்டி வரும். எல்லோரும் கொஞ்சம் தந்தால் எல்லோர் பேச்சையும் கேட்க வேண்டி வரும், அதாவது யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. (இந்தத் தர்க்கத்தை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

சிலர் உடனே தந்தார்கள். ஒருவர், நல்ல காரியம், ஆனால் வீட்டில் ரீவி இரண்டு இருக்கிறது, ஒன்றுக்குத் தந்தால் போதுமா என்று உண்மையான கவலையோடு கேட்டார். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர், வண்டியில் போனில் பார்ப்பதும் கணக்கில் வருமா என்றார். வண்டி ஓட்டும்போது பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இன்னொரு வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. ஓர் இளம் பெண். பெயர் பாரிஜாதம், தமிழ்நாட்டுக்காரர், ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடையில் வேலை. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"எங்க வீட்ல டிவியே இல்லீங்க" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜெகதீஸ்வரியின் குரல், போன வாரம் காலமான ஒருவரின் பெயரைப் பதமாக வாசித்துக்கொண்டிருந்தது. மூவரும் அதைக் கேட்டபடி நின்றோம். இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் எல்லாம் முடிந்தன. பிறகு பேரின்பநாதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி பிள்ளை, ரீவி வாங்கினால் சொல்லும்" என்றார். படி இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருடம் ஒழுங்காகக் கட்டிய மனிதரின் முகம் அது.

கடைசி வீடு அவருடையது. நல்லம்மா தர மாட்டேன் என்றார். வீட்டுக்கு ஒன்றுதானே, உங்கள் கணவர் கட்டிவிட்டாரே என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது பிரச்சினை இல்லை. தான் பார்ப்பது சென்னையிலிருந்து வரும் சீரியல். பார்க்காத ஒன்றுக்குத் தன் வீட்டுக் காசு ஏன் போக வேண்டும் என்பது கேள்வி. இங்கிலாந்திலும் இதையேதான் கேட்டாராம், அங்கேயும் யாரும் பதில் சொல்லவில்லையாம்.

"ஸ்கூல் இருக்குத்தானே," என்றார் பேரின்பநாதன். "பிள்ளை இல்லாதவனும் ஸ்கூலுக்கு வரி கட்டுறான்தானே."

"ஸ்கூல்ல கேக்கில மயில் செய்யிறேல்லை."

நியாயமாகப் பார்த்தால் இந்த விவாதத்தில் நல்லம்மாதான் வென்றார். அப்படியே பதிவு செய்கிறேன்.

6

இங்கே கதைக்கு ஒரு வில்லன் தேவை. ஆனந்தராசாவை வைத்து முயன்றேன். அவருக்கு ஒரு தங்கப்பல் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி கொடுத்தேன். பேசும்போது கண்ணைச் சுருக்கி—

முடியவில்லை. அந்த மனிதர் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகக் கதிரை, அதாவது நாற்காலி, அனுப்பிவைப்பவர். என் வீட்டுக் கட்டிலைப் பாதி விலைக்குத் தந்துவிட்டு, வேலை கிடைச்சாப் பிறகு பாப்பம் என்றவர். இதை எழுதும்போது அந்தக் கட்டிலில்தான் சாய்ந்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது, குழாய்கள் பழசு, திருத்தாமல் முடியாது என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. திருத்திய பிறகு வாடகையை ஏற்றிப் புது ஆட்களை வைக்கலாம் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

போதிய வீடுகள் கட்டணம் கட்டிவிட்டதும், ஜெகதீஸ்வரி அவருக்குப் போன் செய்து, இனி விளம்பரம் வேண்டாம், இவ்வளவு நாளும் தந்ததற்கு நன்றி என்றார். ஆனந்தராசா சிரித்தாராம். மறுநாள் பேரின்பநாதன் வீட்டுக்கு வந்தார். ஒரு தட்டு ரோல்ஸ், கூடவே தன் வீட்டுக்கான கட்டணம். எல்லோரும் கட்டிய அதே தொகை, ஒரு சதம் கூடுதலில்லை.

"இப்ப நானும் ஒரு முதலாளிதானே, அண்ணை" என்றார்.

வில்லன்கள் இப்படிச் செய்தால் எழுதுபவர்கள் என்ன செய்வது?

7

முதலாளிகள் பெருகினார்கள். எழுபது எண்பது முதலாளிகள், ஒரே ஒரு தொழிலாளி.

ஒருவருக்கு ராசிபலன் வேண்டும். ஒருவருக்கு ராசிபலன் வந்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒருவர் தன் மகளின் அரங்கேற்றத்தை முழுதாகப் போடச் சொன்னார். முழுதாக என்றால் நன்றியுரையோடு. பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் சொல்லுங்கள் என்றார்கள், பிள்ளைகளுக்காகவே தமிழில் மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அந்தப் பச்சைச் சேலையில் மெலிந்து தெரிகிறீர்கள், சாப்பிடுவதில்லையா என்று ஒருவர். சுடுதண்ணீர்க் கொதிகலனை நிறுத்த வேண்டாம், அது உறுமினால்தான் தன் குழந்தை தூங்குகிறது என்று இன்னொருவர். பேரின்பநாதன் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிகழ்ச்சி முடிந்தவுடன் அழைத்தார். அவர் சொன்ன முறைப்பாடுகள் இங்கே இடம் கொள்ளாது. அவ்வளவு மகிழ்ச்சியான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. (உயரமாகவும் தெரிந்தார். இதைக் கேட்டு எழுதவில்லை.)

ஜெகதீஸ்வரி எல்லோருக்கும் நன்றி சொன்னார். யார் சொன்னதையும் செய்யவில்லை. ஏப்ரல் வந்தது. எழும்பச் சொல்லும் செய்தியை அந்தச் சனிக்கிழமை போடுவதென்று முடிவாயிற்று.

அப்போதுதான் பேரின்பநாதன் பூட்டு கேட்டார். கட்டியவர்கள் மட்டும் பார்க்கும்படி கடவுச்சொல். கட்டாமல் பார்ப்பது திருட்டு என்பது அவர் கட்சி. நான் மென்பொருள்காரி, ஒரு பிற்பகல் வேலை. போட்டுக்கொடுத்தேன்.

சனிக்கிழமை பேஸ்மென்டில் கேமராவின் பின்னால் நான். பேரின்பநாதன் சுவரோரம் கதிரையில். ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என்னிடம் சாதாரணமாகச் சொன்னார், பூட்டை எடுத்துவிடச் சொல்லி.

பேரின்பநாதன் எழுந்துவிட்டார். "உவை கட்டேல்லை, தங்கச்சி."

"ஓம். கட்டேல்லை."

"அப்ப கட்டின ஆக்களுக்கு என்ன மரியாதை? இங்கிலாந்தில எண்டால் கோட்டுக்கு இழுப்பினம்."

"அண்ணை, இந்தச் செய்தி ஆருக்கு? வீட்டால எழும்பப் போற ஆக்களுக்கு. அவையிட்டக் கட்டுறதுக்குக் காசிருந்தால் இந்தச் செய்தியே தேவையில்லையே."

கொதிகலன் உறுமத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் பேரின்பநாதன், இது பிழை, எனக்கு விளங்கேல்லை, ஆனால் நிகழ்ச்சி உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். போகிற வழியில் அவர் மனம் மாறியது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. வீட்டில் கைகட்டி உட்கார்ந்து முழுதும் பார்த்தார் என்று நல்லம்மா சொன்னார்.

நான் பூட்டை எடுத்தேன். விசைப்பலகையில் இரண்டு தட்டு. நான் எழுதிய நிரல்களிலேயே அழித்ததும் மனம் லேசானது அது ஒன்றுதான்.

ஜெகதீஸ்வரி கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். திருத்தவேலை என்று காகிதம் தந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பதில் சொல்ல உங்களுக்கு உரிமையும் அவகாசமும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் குழு பக்கத்திலேயே இருக்கிறது, இலவசம், தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றால் நானே கூட வருவேன். பிறகு அதே குரலில் குப்பை எடுக்கும் நாள்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை பேரின்பநாதன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். நான் அப்போது நல்லம்மாவிடம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பாரிஜாதம், கையில் மகளைப் பிடித்தபடி.

"டிவி இருக்குங்க" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

பேரின்பநாதன் கதவை அகலத் திறந்தார். பாரிஜாதமே தொடர்ந்தார். ஆனந்தராசாவின் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாராம். மறுநாள் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறுவதாக ஒப்புக்கொண்டிருந்தாராம். கணவருக்கு டொராண்டோவில் வேலை. இங்கே சந்தை வேலையும், மகளுக்குக் காப்பகத்தில் எப்படியோ கிடைத்த இடமும். இந்த வாடகைக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது, வெளியேறினால் இரண்டும் போகும். வேறு வழியே இல்லை என்று நினைத்திருந்தேன், நேற்றுதான் தெரிந்தது என்றார். எல்லா வாரமும் பார்க்கிறேன், அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்றார்.

பேரின்பநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். நேற்றுப் பூட்டு இருந்திருந்தால் என்று அவர் நினைத்தாரா? நான் நினைத்தேன். ஒரு கதாபாத்திரத்தின் தலைக்குள் நுழைவது எழுத்தாளரின் உரிமை என்பார்கள். அந்தக் காலை நான் நுழையவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன என்று மட்டும் எழுதுகிறேன்.

நல்லம்மாதான் அசைந்தார். குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்தார், கணவனைப் பார்த்து, "கோட்டைப் போடுங்கோ" என்றார். நீதிமன்றம் இல்லை, குளிர்க் கோட்டு, இரண்டு வீடு தள்ளி ஜெகதீஸ்வரியிடம் போவதற்கு.

மறுநாள் அந்தக் குழுவிடம் பாரிஜாதத்தோடு பேரின்பநாதனும் ஜெகதீஸ்வரியும் போனார்கள். பிரெஞ்சு நான் கதைக்கிறன் என்று அவர் சொன்னதும் நான் அந்த நாய் வில்லையை நினைத்துப் பயந்தேன். பாரிஜாதத்தை ஏதாவது இனத்தில் பதிவுசெய்துவிட்டு வந்துவிடுவாரோ என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாரிஜாதத்துக்கே சந்தைப் பிரெஞ்சு சரளமாக வந்தது. காகிதத்திலுள்ள பிரெஞ்சுதான் பயமுறுத்தியது. குழுவில் இருந்தவர்கள் காகிதத்தை விளக்கினார்கள். கையெழுத்துப் போடாமல் பதில் எழுத உதவினார்கள். பேரின்பநாதன் திரும்பி வந்து அந்தக் கட்டடத்தின் எல்லாக் கதவையும் தட்டினார். இம்முறை கட்டணம் கேட்கவில்லை. யாரும் கையெழுத்துப் போடவில்லை. பாரிஜாதம் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், ஒழுகும் கூரையின் கீழ், மகளோடு.

9

முடிவுகள்.

வெள்ளிக்கிழமை ஆனந்தராசா ஜெகதீஸ்வரிக்குப் போன் செய்தார். கட்டணம் கட்டியவன் என்ற முறையில் நிகழ்ச்சியில் வந்து கதைக்க வேண்டும் என்றார். ஜெகதீஸ்வரி வாருங்கோ என்றார். பாரிஜாதத்தையும் அழைத்தார், கட்டாதவர் என்ற முறையில்.

இப்போது சனிக்கிழமை பிற்பகல். நீலத் திரைக்கு முன்னால் மூவர். நடுவில் ஜெகதீஸ்வரி, பச்சைச் சேலை. வலப்பக்கம் ஆனந்தராசா, இஸ்திரி போட்ட சட்டை, கண்ணில் உண்மையான நித்திரையின்மை. இடப்பக்கம் பாரிஜாதம், சந்தையிலிருந்து நேரே வந்தவர், நகத்தில் மண். நான் கேமராவின் பின்னால், மடியில் இந்தக் கதை. பூட்டு இல்லை. எவ்வளவு வீடுகளில் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டிய வீடுகளைவிட அதிகம்.

முதல் முடிவு: ஆனந்தராசா மன்னிப்புக் கேட்கிறார். கூரையைத் திருத்துகிறார், அதே வாடகைக்கு எல்லோரும் திரும்பி—

(நல்லம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சீரியலில்கூட இப்படி வராது என்றார்.)

இரண்டாம் முடிவு: அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். வெளியே கார்க் கதவு அடிபடும் சத்தம். ஜெகதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்து—

(எளிதாக இருக்கிறது. நாமெல்லாம் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு டிவியை அணைத்துவிடலாம். என் கட்டிலும் எனக்கு உறுத்தும்.)

மூன்றாம் முடிவு: சரியான நேரத்தில் கொதிகலன் உறுமுகிறது. அவர் சொல்வது யாருக்கும்—

(இல்லை. அது ஏமாற்று.)

நான் இதையெல்லாம் எழுதி அடித்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. கூரையைப் பற்றி, வாடகையைப் பற்றி, ஜூலை முதலாம் தேதியைப் பற்றி ஜெகதீஸ்வரி கேட்கப்போகிறார் என்று நினைத்திருந்தேன். ஆனந்தராசாவும் அதற்குத்தான் தயாராகி வந்திருந்தார். சட்டைப் பையில் கட்டட வேலைக்காரர் தந்த மதிப்பீடு துருத்திக்கொண்டிருந்தது.

ஜெகதீஸ்வரி கையைக் கூப்பி, பார்ப்பவர்களுக்கு வணக்கம் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, முதல்ல ஒண்டு கேக்கிறன். மூண்டு வருசமா எனக்கு விளம்பரக் காசு தந்தனீங்கள். அந்தக் காசுக்கு நீங்கள் என்னத்தை வாங்கினனீங்கள் எண்டு எனக்கு இன்னும் சரியா விளங்கேல்லை. நான் என்னத்தை வித்தனான் எண்டும் விளங்கேல்லை. நீங்கள் சொன்னால் நானும் சொல்லுறன்."

பாரிஜாதம் தலையை உயர்த்திப் பார்க்கிறார், அவரை இல்லை, ஜெகதீஸ்வரியை. ஆனந்தராசா சட்டைப் பைக்குப் போன கையை வெளியே எடுக்கிறார், வெறுங்கையாக. கேமராவைப் பார்க்கிறார். அதாவது உங்களை.

வாயைத் திறக்கிறார்.

அவர் சொன்னதை நான் கேட்டேன். ஜெகதீஸ்வரி சொன்னதையும் கேட்டேன். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஷபானாவின் முடிவாகிவிடும். ஒருவர் முழுக்கத் தந்ததாகிவிடும், பிறகு எல்லோரும் அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு வீட்டுக்கு ஒரு பதில். பெரிய வீடு சின்ன வீடு பேதமில்லை. கட்டியவர்களும் சொல்லலாம், கட்டாதவர்களும் சொல்லலாம்.